கையெழுத்துப் போட்டபின் கேன்சல் பட்டன் கிடையாது

எந்த சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்தாலும் நடுவில் ஒரு பெட்டி வந்து நிற்கும். பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக ஏதோ எழுதியிருக்கும். கீழே இரண்டு பட்டன்கள். "ஏற்றுக்கொள்கிறேன்" என்பதை அழுத்தினால்தான் அடுத்த திரை வரும் என்பதால் நாமும் அழுத்திவிடுகிறோம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருப்பவர்கள் முதல் வாரத்தில் மட்டும் பத்துப் பதினைந்து முறையாவது இதை அழுத்தியிருப்பீர்கள். அது சும்மா ஒரு பட்டன் இல்லை. ஒவ்வொரு முறையும் நீங்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறீர்கள்.

நான் சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன், வக்கீல் இல்லை. ஆனாலும் கம்ப்யூட்டர் உலகின் மிகப் பெரிய செய்திகள் எல்லாம் ஒப்பந்தச் சட்டத்தில் போய் முடிவதைப் பார்த்துப் பார்த்து, அதைப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டது. "இந்த நிறுவனத்தை அந்த நிறுவனம் இத்தனை ஆயிரம் கோடி டாலருக்கு வாங்கியது" என்று பேப்பரில் வருகிறதே, அது கடைக்குப் போய் மவுஸ் வாங்குவது போல நடப்பதில்லை. உங்கள் மெயிலும் போட்டோக்களும் அந்த விற்பனையோடு சேர்ந்தே கைமாறுகின்றன என்பதால், அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

நமக்குத் தெரிந்த வீடு வாங்கும் கதையிலிருந்து தொடங்கலாம். விலை பேசி, அட்வான்ஸ் கொடுத்து, முதலில் ஓர் அக்ரிமென்ட் போடுகிறோம். வில்லங்கச் சான்றிதழ், மூலப்பத்திரம் எல்லாம் சரிபார்க்கிறோம். பேங்க் லோன் வருகிறது. அதன் பிறகுதான் கிரயம், பதிவு. அக்ரிமென்ட்டுக்கும் கிரயத்துக்கும் நடுவில் சில மாதங்கள் ஓடும். பெரிய கம்பெனிகளை வாங்குவதும் ஏறக்குறைய இதேதான். கையெழுத்து ஒரு நாள், கைமாறுவது வேறொரு நாள். நடுவில் பங்குதாரர்கள் ஓட்டுப் போட வேண்டும், அரசாங்கம் அனுமதி தர வேண்டும், பணம் திரட்ட வேண்டும். அந்த இடைவெளியில் ஒருவர் மனம் மாறினால் என்ன ஆகும்? பெரும்பாலான சண்டைகள் இங்கேதான் வெடிக்கின்றன.

இதற்கு ட்விட்டரை விடத் தெளிவான உதாரணம் இல்லை. 2022 ஏப்ரல் 14 அன்று எலான் மஸ்க், ட்விட்டரின் ஒவ்வொரு பங்கையும் 54.20 டாலருக்கு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஏப்ரல் 25 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. மொத்தம் சுமார் 4,400 கோடி டாலர். இதில் 1,300 கோடியைக் கடனாகத் தர பேங்குகள் எழுத்துமூலம் உறுதி தந்தன. மீதியைத் தன் பொறுப்பில் கொண்டுவருவதாக மஸ்க் தனியாக உறுதிக் கடிதம் கொடுத்தார். ஒன்றைக் கவனியுங்கள். கம்பெனியின் கணக்கு வழக்குகளைத் தோண்டிப் பார்க்க வாய்ப்புக் கேட்காமலேயே அவர் கையெழுத்துப் போட்டார். வில்லங்கம் பார்க்காமல் வீடு வாங்குவது போலத்தான்.

அந்த ஆண்டு அமெரிக்காவில் வட்டி ஏறியது, டெக்னாலஜி பங்குகள் சரிந்தன. ட்விட்டரின் பங்கு 40 டாலருக்கும் கீழே போனது. 54 டாலர் கொடுப்பதாகச் சொன்னவருக்கு எப்படி இருந்திருக்கும்? மே 13 அன்று, போலி அக்கவுண்ட்கள் எத்தனை என்பது தெளிவாகும் வரை இந்த வாங்குதல் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படுகிறது என்று ட்விட்டரிலேயே எழுதினார். ஜூலை 8 அன்று, ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வதாக அவருடைய வக்கீல்கள் கடிதம் அனுப்பினார்கள். போலி அக்கவுண்ட்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு என்று ட்விட்டர் சொல்லி வந்தது பொய், கேட்ட விவரங்களைத் தரவில்லை, எங்களைக் கேட்காமல் உயர் அதிகாரிகளை வேலையை விட்டு அனுப்பினீர்கள் என்பவை முக்கியக் காரணங்கள். ட்விட்டர் சும்மா இருக்கவில்லை. நான்கே நாளில், ஜூலை 12 அன்று, டெலவேர் மாநில நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது.

அப்போது என்னுடன் வேலை பார்ப்பவர்கள் பலரும் சொன்ன ஒரு விஷயம் உண்டு. "அபராதம் 100 கோடி டாலர்தானே? அதைக் கட்டிவிட்டுப் போய்விடுவார், அவருக்கு அது பெரிய காசா?" என்று. பத்திரிகைகளும் இப்படித்தான் எழுதின. ஒப்பந்தத்தில் 100 கோடி டாலர் என்ற தொகை இருந்தது உண்மை. ஆனால் அதை வாங்கிக்கொண்டு கணக்கை முடிக்கலாமா என்று தீர்மானிக்கும் உரிமை விற்பவருக்குத்தான் இருந்தது. பணத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போகும் உரிமை வாங்குபவருக்கு எழுதப்படவில்லை. கூடவே இன்னொரு பிரிவும் இருந்தது. பேங்குகள் தர வேண்டிய கடன் தயாராக இருந்தால், "சொன்னபடி வாங்கு" என்று உத்தரவிடும்படி ட்விட்டர் நீதிமன்றத்தைக் கேட்கலாம். ஒரு சாப்ட்வேர் புரோகிராமில் இரண்டு நிபந்தனைகள் எழுதி, எது முதலில் ஓடும் என்பதையும் எழுதி வைப்போம் இல்லையா, அதே போலத்தான்.

"சொன்னபடி செய்" என்று உத்தரவிடுவதைச் சட்டத்தில் ஸ்பெசிபிக் பெர்பார்மன்ஸ் என்கிறார்கள். சாதாரணமாக ஒருவர் ஒப்பந்தத்தை மீறினால், நஷ்ட ஈடாகப் பணம் கொடு என்பதுதான் ஆங்கிலேய வழிச் சட்டத்தின் முதல் பதில். நூறு மூட்டை அரிசி வரவில்லையா? வேறு கடையில் வாங்கு, விலை வித்தியாசத்தை அவனிடம் வசூல் செய். ஆனால் நிலம் அப்படி அல்ல. ஒரு மனையைப் போல இன்னொரு மனை கிடையாது. அதனால் நிலத்துக்கு இந்த உத்தரவு கிடைக்கும். நம் நாட்டிலும் 1963ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதற்காகவே இருக்கிறது. 2018இல் அதைத் திருத்தி, இந்த உத்தரவை இன்னும் எளிதாகப் பெறும்படி செய்தார்கள். கம்பெனியும் ஒரு மனையைப் போலத்தான், அது போல இன்னொன்று சந்தையில் கிடைக்காது என்பதே டெலவேர் நீதிபதிகளின் பார்வை.

டெலவேர் என்பது அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலங்களில் ஒன்று. ஆனாலும் அந்நாட்டின் பெரிய கம்பெனிகளில் பாதிக்கு மேல் அங்கேதான் பதிவாகியிருக்கின்றன. அங்குள்ள சான்சரி நீதிமன்றத்தில் ஜூரி கிடையாது; கம்பெனி விவகாரங்களிலேயே ஊறிய நீதிபதிகள் தாங்களே விசாரித்துத் தீர்ப்பு எழுதுகிறார்கள். 2001இல் டைசன் என்ற கோழி இறைச்சிக் கம்பெனி, ஐபிபி என்ற மாட்டிறைச்சிக் கம்பெனியை வாங்க ஒப்புக்கொண்டுவிட்டுப் பின்வாங்கியபோது, வாங்கித்தான் ஆக வேண்டும் என்று உத்தரவிட்டது இந்த நீதிமன்றம். 2021இல் கேக் அலங்காரப் பொருட்கள் விற்கும் ஒரு கம்பெனியைச் சுமார் 55 கோடி டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்டு, கொரோனா வந்ததும் நழுவப் பார்த்த முதலீட்டாளர்களுக்கும் இதே கதிதான். அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கேத்தலீன் மெக்கார்மிக். ட்விட்டர் வழக்கு யாரிடம் போனது என்று நினைக்கிறீர்கள்? அவரிடமேதான்!

அப்படியானால் வெளியே போக வழியே இல்லையா? உண்டு, ஆனால் குறுகலான வழி. கையெழுத்துக்குப் பிறகு விற்பவரின் தொழிலில் பெரும் பாதகம் ஏற்பட்டுவிட்டது என்று வாங்குபவர் நிரூபிக்க வேண்டும். ஒரு காலாண்டு வருமானம் குறைந்தது போன்ற சில்லறைக் காரணங்கள் போதாது. பல ஆண்டுகளுக்கு நீடிக்கும் அடியாக இருக்க வேண்டும். டெலவேரில் இப்படி நிரூபித்து வெற்றி பெற்ற முதல் வழக்கு 2018இல்தான் வந்தது. ஜெர்மனியின் பிரெசீனியஸ், அமெரிக்காவின் ஏகார்ன் என்ற மருந்துக் கம்பெனியை வாங்க இருந்தது. ஏகார்னின் வியாபாரம் படுத்துவிட்டது. அதோடு, மருந்துப் பரிசோதனைத் தரவுகளையே நம்ப முடியாத நிலை என்பதும் வெளியே வந்தது. அந்த அளவுக்குப் போனால்தான் கதவு திறக்கும். ட்விட்டரின் 5 சதவீதம் என்பதோ, "இது எங்கள் மதிப்பீடு, உண்மை இதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம்" என்று அரசுக்குத் தந்த அறிக்கைகளிலேயே எச்சரிக்கையோடு எழுதப்பட்டிருந்த எண். அதைக் காட்டி அந்தக் கதவைத் திறப்பது கடினம்.

விசாரணை அக்டோபர் 17 அன்று தொடங்க இருந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு, பழைய விலைக்கே வாங்கிக்கொள்கிறேன் என்று மஸ்க் தரப்பு எழுதிக் கொடுத்தது. நீதிபதி அக்டோபர் 28 மாலை 5 மணி வரை அவகாசம் தந்தார். 27ஆம் தேதி ட்விட்டர் கைமாறியது. உலகின் முதல் பணக்காரர் 54.20இல் இருந்து ஒரு சென்ட் கூடக் குறைக்க முடியவில்லை. எனக்கு இதில் ஒரு சந்தோஷம் இருந்ததை மறைக்கவில்லை.

"விருப்பமில்லாதவர் தலையில் ஒரு கம்பெனியைக் கட்டிவிட்டால் அது உருப்படுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். கைமாறிய ஒரே வாரத்தில், நவம்பர் 4 அன்று, ஏறக்குறைய பாதி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். மறு ஆண்டு ட்விட்டர் என்ற பெயரும் போய் எக்ஸ் ஆனது. ஆனாலும் நான் நீதிமன்றத்தின் பக்கம்தான். கையெழுத்துக்கும் கைமாறுதலுக்கும் நடுவில் விற்கும் கம்பெனி எப்படித் தவிக்கும் என்று யோசியுங்கள். புதிய திட்டம் எதையும் தொடங்க முடியாது. நல்ல ஆட்கள் வேறு வேலை தேடிக்கொண்டு போய்விடுவார்கள். விளம்பரம் தருபவர்கள் "பிறகு பார்க்கலாம்" என்பார்கள். ஆறு மாதம் இப்படி ஆட்டிவைத்துவிட்டு, "வேண்டாம், போ" என்றால், கம்பெனி பழைய நிலைக்குத் திரும்பாது. இது பணக்காரர்களுக்கு மட்டுமான பிரச்னை இல்லை. பேங்க் லோன் வாங்கி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் பின்வாங்கினால் நமக்கு ஏற்படும் அதே தவிப்புதான்.

சாப்ட்வேர் எழுதுபவன் என்ற முறையில் என்னை அதிகம் கவர்ந்த வழக்கு வேறு ஒன்று. அதை ஸ்கைப் பயன்படுத்தியவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு பேச எத்தனையோ வீடுகளில் முதலில் இன்ஸ்டால் செய்த சாப்ட்வேர் அது. 2005இல் ஈபே நிறுவனம் ஸ்கைப்பை 260 கோடி டாலருக்கு வாங்கியது. ஆனால் ஸ்கைப்பின் இதயம் போன்ற ஒரு பகுதி, அதாவது ஒருவர் கம்ப்யூட்டரை இன்னொருவர் கம்ப்யூட்டரோடு நேரடியாக இணைத்துவிடும் புரோகிராம், அந்த விற்பனையில் சேரவில்லை! அது ஸ்கைப்பை உருவாக்கிய நிக்லஸ் சென்ஸ்ட்ராம், யானுஸ் பிரீஸ் இருவருடைய ஜோல்டிட் என்ற வேறொரு கம்பெனியின் சொத்து. ஸ்கைப்புக்கு இருந்தது அதைப் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. வீட்டை வாங்கிவிட்டு, கிணறு மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் இருப்பது போன்ற நிலை.

2009இல் ஸ்கைப்பின் பெரும்பகுதியை ஒரு முதலீட்டாளர் குழுவுக்கு விற்க ஈபே முயன்றபோது இது வெடித்தது. உரிமத்தின் நிபந்தனைகளை மீறிவிட்டீர்கள், அதனால் உரிமம் ரத்து என்றது ஜோல்டிட். இங்கிலாந்தில் ஒரு வழக்கு, கலிபோர்னியாவில் ஒரு வழக்கு. ஜோல்டிட் வென்றிருந்தால் கோடிக்கணக்கானவர்கள் பயன்படுத்திய ஒரு சேவை ஓடுமா நிற்குமா என்பதே கேள்விக்குறி ஆகியிருக்கும். கடைசியில் நவம்பரில் சமரசம் ஆனது. அந்த புரோகிராம் ஸ்கைப்புக்கே வந்தது. அதற்கு ஈடாக, உருவாக்கியவர்கள் தரப்புக்குப் புதிய ஸ்கைப்பில் 14 சதவீதப் பங்கு. 2011இல் மைக்ரோசாப்ட் அதை 850 கோடி டாலருக்கு வாங்கியபோது அந்தப் பங்கின் மதிப்பு என்னவாகியிருக்கும் என்று நீங்களே கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். (ஸ்கைப் 2025 மே மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது என்பது வேறு விஷயம்.)

இது போன்ற கதைகளால்தான் இப்போது கம்பெனியை வாங்குபவர்கள் புரோகிராமின் ஒவ்வொரு வரிக்கும் மூலப்பத்திரம் கேட்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு சிறிய கம்பெனியை இன்னொருவர் வாங்கப் பேச்சு நடந்தது. மூன்று வாரம் எங்களுக்குப் புரோகிராம் எழுதும் வேலையே இல்லை. ஓர் எக்ஸெல் பைலைத் தந்தார்கள். இணையத்தில் இருந்து எடுத்துப் பயன்படுத்திய ஒவ்வொரு ஓப்பன் சோர்ஸ் பைலின் பெயர், அதன் உரிமம் எது, அதில் நாங்கள் மாற்றம் செய்தோமா, எழுதியவர் யார், அவர் கம்பெனியோடு கையெழுத்திட்ட பேப்பர் எங்கே என்று பத்திருபது கட்டங்கள். சில வகை உரிமங்களில் எடுத்த புரோகிராமை உங்களுடையதோடு கலந்து வெளியிட்டால், உங்கள் புரோகிராமையும் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டியதாகிவிடும். நாங்கள் நிரப்பிய கட்டங்கள் அனைத்தும் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாகப் போகும். பொய் என்று தெரிந்தால் வாங்குபவர் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அலுப்பான வேலை. ஆனால் அந்தக் கதவுக்குப் பூட்டு அதுதான்.

இவ்வளவு கவனமாக எழுதப்படும் இந்த ஒப்பந்தங்களில் நீங்களும் நானும் எங்கே இருக்கிறோம்? இதுதான் எனக்குள்ள வருத்தம். ஒப்பந்தச் சட்டம் கையெழுத்துப் போட்டவர்களைத்தான் காப்பாற்றும். இதில் அது எவ்வளவு கறாரானது என்றால், 2023இல் இதே நீதிபதி மெக்கார்மிக், ட்விட்டரின் ஒரு பங்குதாரர் தொடுத்த வழக்கில், ஒப்பந்தம் கம்பெனிக்கும் வாங்குபவருக்கும் நடுவில்தான், முறிந்த ஒப்பந்தத்துக்காகப் பங்குதாரர் தனியாகத் தன் லாபத்தைக் கேட்க வழியில்லை என்ற பொருளில் எழுதினார். உடனே வக்கீல்கள் பதறிப்போய், 2024இல் டெலவேர் சட்டத்தையே திருத்தி, கம்பெனி அந்தத் தொகையைக் கேட்டுப் பெறலாம் என்று ஆக்கினார்கள். பங்குதாரருக்கே இந்த நிலை என்றால், வெறும் பயனாளருக்கு?

யாஹூ மெயில் வைத்திருந்தவர்களைக் கேளுங்கள். 2016 ஜூலையில் யாஹூவின் இணையத் தொழிலை 483 கோடி டாலருக்கு வாங்க வெரைசன் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில், 50 கோடி அக்கவுண்ட்களின் விவரங்கள் முன்பே திருடு போயிருந்ததாக யாஹூ அறிவித்தது. டிசம்பரில், அது வேறு திருட்டு, இது வேறு, இதில் 100 கோடி என்றது. வெரைசன் ஒப்பந்தத்தைக் காட்டி விலையில் 35 கோடி டாலர் குறைத்துக்கொண்டு 2017 ஜூனில் வாங்கி முடித்தது. பிறகு அந்த அக்டோபரில், 100 கோடி இல்லை, அப்போதிருந்த 300 கோடி அக்கவுண்ட்களுமே போயிருந்தன என்று தெரிந்தது. பாஸ்வேர்டைப் பறிகொடுத்தவர்கள் தனியாக வழக்குப் போட்டு, பல ஆண்டுகள் இழுத்து, 11 கோடியே 75 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. அதிலும் பங்கு கேட்க முடிந்தது அமெரிக்காவிலும் இஸ்ரேலிலும் இருந்தவர்கள் மட்டுமே. நம் ஊரில் யாஹூ மெயில் வைத்திருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. வாங்கியவருக்கு மட்டும் 35 கோடி தள்ளுபடி! ஏனென்றால் அவர் கையில் ஒப்பந்தம் இருந்தது.

வாட்ஸ்அப் கதை இன்னும் நெருக்கமானது. 2014 பிப்ரவரியில் பேஸ்புக் அதை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது, பயனாளர்களுக்கு எதுவும் மாறாது என்று இரு தரப்பும் சொன்னார்கள். 2016 ஆகஸ்டில் விதிமுறைகளை மாற்றி, போன் நம்பர் உள்ளிட்ட விவரங்களை பேஸ்புக்குடன் பகிரத் தொடங்கினார்கள். இரண்டு சேவைகளின் அக்கவுண்ட்களையும் தானாகப் பொருத்த முடியாது என்று அனுமதி கேட்ட நேரத்தில் ஐரோப்பிய அதிகாரிகளிடம் பேஸ்புக் சொல்லியிருந்தது. அது தவறான தகவல் என்று 2017இல் 11 கோடி யூரோ அபராதம் விதித்தார்கள். அபராதம் அரசுக்குப் போனது. நமக்குச் சொன்ன வார்த்தையை எந்த நீதிமன்றத்திலும் போய் "சொன்னபடி செய்" என்று கேட்க முடியவில்லை. பங்குதாரர்களுக்குத் தந்த 54.20 டாலர் வாக்குறுதி ஒப்பந்தத்தில் இருந்தது. பயனாளர்களுக்குத் தந்த வாக்குறுதி பேட்டியிலும் அறிவிப்பிலும் மட்டும் இருந்தது. என் கருத்து எளிமையானது. ஒரு கம்பெனியை வாங்க அனுமதி தரும்போது, பயனாளர்களுக்குச் சொல்லும் வாக்குறுதிகளையும் அந்த ஒப்பந்தத்தின் உள்ளேயே எழுத வேண்டும், மீறினால் பயனாளர்கள் சார்பில் வழக்குப் போட ஓர் அமைப்பு இருக்க வேண்டும் என்று சட்டம் வர வேண்டும். இது நடக்காத காரியம் என்பார்கள். பங்குதாரருக்காகச் சட்டத்தை ஓர் ஆண்டுக்குள் திருத்த முடிந்தது அல்லவா?

நம் நாட்டில் 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு உதவுமா என்று 17ஆம் பிரிவைப் படித்துப் பார்த்தேன். நீதிமன்றமோ தீர்ப்பாயமோ ஒப்புதல் தந்த கம்பெனி இணைப்புகளுக்காகத் தரவுகளைக் கையாளும்போது, சம்மதம் பெறுவது உள்ளிட்ட பல கடமைகளில் இருந்து அங்கே விலக்கு அளித்திருக்கிறார்கள். பத்திரமாக வைத்திருக்கும் கடமை மட்டும் மிஞ்சுகிறது. வாங்குபவரின் வசதிக்கு எழுதியது போலத்தான் எனக்குத் தெரிகிறது.

எனவே இப்போதைக்கு உங்கள் கையில் இருப்பது அந்த பொடி எழுத்துப் பெட்டிதான். முழுவதையும் படிக்கச் சொல்லவில்லை. நானே எல்லாவற்றையும் படிப்பதில்லை. நீங்கள் மெயில், போட்டோ வைத்திருக்கும் தளத்தின் பிரைவசி பாலிசி பக்கத்தைத் திறந்து, கண்ட்ரோல் கீயுடன் எப் கீயை அழுத்துங்கள். தேடல் கட்டம் ஒன்று கிடைக்கும். அதில் ஆங்கிலத்தில் 'மெர்ஜர்' என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். கம்பெனி விற்கப்பட்டால் உங்கள் விவரங்களும் சேர்ந்து கைமாறும் என்ற வரி பெரும்பாலும் அங்கே இருக்கும். கைமாறும் முன் உங்களுக்குத் தகவல் சொல்வார்களா, சொன்னபின் விவரங்களை அழித்துக்கொள்ள எத்தனை நாள் தருவார்கள் என்று அடுத்த இரண்டு வரிகளில் பாருங்கள். அது இல்லாத தளம் என்றால், உங்கள் போட்டோக்களின் ஒரு காப்பியை இந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி வைத்துவிடுங்கள்.